[கலைச்சொல்] உறுப்பினர் அவையில் அளித்த வாக்குகள்: 'வாக்குப்பதிவு' சரிவருமா?

அனுப்புநர்: செ.

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை, செனட் உறுப்பினர்கள் தொகுதி மக்களுக்கு என்ன சொல்கிறார்கள், அவைக்குள் எப்படி வாக்களிக்கிறார்கள் என்பதை அருகருகே காட்டும் திறமூலச் செயலி ஒன்றின் தமிழ் இடைமுகம் முடியும் நிலையில் இருக்கிறது. சில சரங்கள் (திரையில் தோன்றும் சொற்கள்) மட்டும் தமிழ்ச் சொல் கிடைக்காமல் நிற்கின்றன: வோட்டிங் ரெக்கார்ட் (உறுப்பினர் அவையில் அளித்த வாக்குகளின் தொகுப்பு), ரோல் கால் வோட் (யார் எப்படி வாக்களித்தார் என்று பெயருடன் எழுதும் வாக்கெடுப்பு), பிரசன்ட், நாட் வோட்டிங், மோஷன் டு டேபிள், ஃபிராங்க்டு மெயில் (உறுப்பினர் தபால்தலை இல்லாமல் தொகுதிக்கு அனுப்பும் மடல்).

முதலாவதுதான் பெரிய தலைவலி. தானியங்கி மொழிபெயர்ப்பு 'வாக்குப்பதிவு' என்று தருகிறது. அப்படியே விட்டால் உறுப்பினர் பக்கத்தில் 'வாக்குப்பதிவு: 97%' என்று நிற்கும். தமிழ் படிக்கும் எவரும் அதைத் தேர்தலன்று அந்தத் தொகுதியின் சாவடிகளுக்கு வந்தவர்களின் விழுக்காடு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'வாக்களிப்பு வரலாறு' என்று வைத்தாலும் சிக்கல். அங்கே ஒரு வாக்காளர் எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்ற பட்டியல் தனியாக உண்டு (யாருக்கு என்பது இருக்காது). அந்தப் பெயர் அதற்கு வேண்டியிருக்கும்.

என் முன்மொழிவு: வாக்கேடு. கைப்பேசித் திரையில் ஒரே வரியில் அடங்கும்.

அனுப்புநர்: ந.

> என் முன்மொழிவு: வாக்கேடு.

சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், 'கேடு' காதில் விழும். வெளியிட்ட அன்றே மீம் போட்டுவிடுவார்கள். வருகைப் பதிவேடு, பிறப்புப் பதிவேடு என்று 'பதிவேடு' ஏற்கெனவே ஊன்றிய சொல். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் குழப்பத்தின் வேர் முன்பாதியில் இருக்கிறது. சாவடியில் குடிமகன் அளிப்பதும் வாக்கு, அவையில் உறுப்பினர் அளிப்பதும் வாக்கு. இரண்டாவதை 'அவைவாக்கு' என்று ஒருமுறை பிரித்துவிட்டால் மற்றவை தாமாக வந்து சேரும்: அவைவாக்குப் பதிவேடு, அவைவாக்கு விளக்கம், தவறிய அவைவாக்குகள். நீளம் கொஞ்சம் கூடும், பொருள் தவறாது.

ரோல் கால் வோட்டுக்குப் 'பெயர்வழி வாக்கெடுப்பு' எனலாம்.

அனுப்புநர்: கு.

அவைவாக்குக்கு என் ஒப்புதல். பெயர்வழி வேண்டவே வேண்டாம். பாதிப் பேர் 'பேர்வழி' என்று படிப்பார்கள், அரசியல்வாதி பக்கத்தில் அது வேறு பொருள் தரும். மூலச்சொல்லுக்கு நெருக்கமாகப் 'பெயரழைப்பு வாக்கெடுப்பு' என்று வைப்போமே?

அனுப்புநர்: ந.

பேர்வழியைக் கைவிட்டாயிற்று. ஆனால் பெயரழைப்பு இரண்டில் ஓர் அவைக்குத்தான் பொருந்தும்.

செனட்டில் இன்றும் எழுத்தர் 100 பேரின் பெயர்களையும் அகர வரிசையில் அழைக்கிறார். 2017 ஜூலை 28 அதிகாலையில் செனட்டர் ஜான் மெக்கெய்ன் எழுத்தர் மேசை முன் வந்து கட்டைவிரலைக் கீழே காட்டி 49–51 என்று மருத்துவக் காப்பீட்டு மசோதாவை வீழ்த்தியது இந்த முறையில்தான். பிரதிநிதிகள் அவையில் 435 பேர். பெயர் அழைத்து முடிக்க அரை மணிக்கு மேல் ஆகும் என்பதால் 1973 ஜனவரி முதல் மின்னணு முறை வந்துவிட்டது. அட்டையைப் பெட்டியில் செருகி மூன்றில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வழக்கமான வாக்கெடுப்புக்குக் குறைந்தது 15 நிமிடம். நேரம் முடிவதற்குள் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம், கடைசி நிமிடங்களில் மாற்றுவதற்கு மேசைக்குப் போய் வண்ணச் சீட்டு கொடுக்க வேண்டும். முடிவை அறிவித்த பிறகு மாற்ற முடியாது.

ஆக, இரண்டு அவைக்கும் பொதுவானது பெயரை அழைப்பது கிடையாது. ஒவ்வொரு வாக்குக்கும் நேரே ஒரு பெயர் எழுதப்படுவதுதான் பொது. மாவட்டவாரி, சாதிவாரி என்று நாம் சொல்லும் அதே ஒட்டைப் போட்டால்: பெயர்வாரி வாக்கெடுப்பு.

இன்னொன்று. எல்லா வாக்கெடுப்பும் பெயர்வாரியாக நடப்பதில்லை. அவையில் இருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் பெயருடன் எழுத வேண்டும் என்கிறது அவர்களின் அரசமைப்பு. யாரும் கேட்காவிட்டால் குரல் வாக்கெடுப்போடு முடிந்துவிடும். ஆகவே பதிவேட்டின் தலையில் 'பெயர்வாரியாக எடுக்கப்பட்டவை மட்டும்' என்ற வரி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் 'இந்த மசோதாவுக்கு எங்கள் உறுப்பினர் என்ன செய்தார், காணோமே' என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

அனுப்புநர்: மு.

பெயர்வாரி நன்று. யாராவது குடவோலையைக் கொண்டுவருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: உத்திரமேரூரில் நடந்தது குலுக்கல். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு எடுப்பது. யார் எந்தப் பக்கம் நின்றார் என்ற கணக்கு அதில் எழ வழியே இல்லை.

நம் ஊரில் வழங்கும் சொற்களோடு மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டப்பேரவைச் செய்திகளில் 'குரல் வாக்கெடுப்பு' இருக்கிறது, 'எண்ணிக் கணிக்கும் முறை' இருக்கிறது, அதை 'டிவிஷன்' என்றும் எழுதுகிறார்கள். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் இருக்கைப் பகுதி பகுதியாக உறுப்பினர்களை எழச் சொல்லி எண்ணினார்கள்: ஆதரவு 122, எதிர்ப்பு 11. எழுந்து நின்று எண்ணுவதால் அங்கே முதலில் கிடைப்பது எண்ணிக்கை. எனவே எண்ணிக் கணித்தலும் பெயர்வாரியும் இரண்டு சொற்களாகவே நிற்கட்டும், ஒன்றுக்கு மற்றொன்றைப் போட வேண்டாம்.

இந்திய நாடாளுமன்றத்துக்கும் இதே செயலியை விரித்தால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி எழும். பதிவேடு பெரும்பாலும் காலியாக இருக்கும். மசோதாக்களில் பெரும்பகுதி குரல் வாக்கெடுப்பிலேயே போய்விடுகிறது. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களுக்கு எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேற்றினார்கள். எண்ணிக்கை வெளிவரும் இடங்களிலும் (2023இல் மகளிர் இடஒதுக்கீடு 454–2, 2025இல் வக்ஃபு திருத்தம் 288–232) கட்சிக் கொறடாவின் கட்டளைதான் பேசுகிறது. அரசமைப்பின் பத்தாம் அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்) கட்டளையை மீறி வாக்களித்தாலும், முன் அனுமதியின்றி வாக்களிக்காமல் இருந்தாலும், 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். மேலே சொன்ன 11 பேர் மீதான தகுதிநீக்க வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் இல்லாததால்தான் உறுப்பினரின் தனிப் பதிவேட்டுக்கு அங்கே இவ்வளவு மதிப்பு.

அனுப்புநர்: கு.

அடுத்து 'பிரசன்ட்'. அகராதிகள் 'நடுநிலை' என்கின்றன. நான் எதிர்க்கிறேன். நடுநிலை என்பது மனநிலை, பொத்தான் சொல்வது அதையல்ல. பிரசன்ட் அழுத்துபவர் நிறைவெண் (அவை நடக்கக் குறைந்தது இருக்க வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை) கணக்கில் சேர்கிறார், ஆம்/இல்லை கணக்கில் சேர்வதில்லை, அவ்வளவுதான். 2011 மார்ச்சில் தேசியப் பொது வானொலிக்கு நிதி தடுக்கும் மசோதா 228–192 என்று நிறைவேறியபோது பிரசன்ட் அழுத்திய ஒரே ஆள் மிச்சிகனின் ஜஸ்டின் அமாஷ். கருத்தே இல்லாமல் அழுத்தியவர் அல்லர் அவர். தம் ஒவ்வொரு வாக்குக்கும் முகநூலில் காரணம் எழுதி வந்தவர். இவருக்கு 'நடுநிலை' என்று போட்டால் பதிவேடு பொய் சொல்கிறது.

'வருகை மட்டும்' என்று வைக்கலாம். பொத்தானிலும் அடங்கும்.

அனுப்புநர்: செ.

'வருகை மட்டும்' பிடித்திருக்கிறது. நாட் வோட்டிங்குக்கு 'வராதவர்' போடலாமா?

அனுப்புநர்: ந.

கூடாது. வந்திருந்து எதையும் அழுத்தாதவரும் அதில்தான் விழுவார். அவைத்தலைவரும் அப்படியே: அவர் வாக்களிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அபூர்வமாகத்தான் அளிப்பார். 'வராதவர்' என்று போட்டால் அவையை நடத்திக்கொண்டிருந்தவரே வரவில்லை என்றாகிவிடும். 'வாக்களிக்கவில்லை' போதும். தவறிய விழுக்காட்டுக் கணக்கிலிருந்து அவைத்தலைவரை விலக்கிவிடுங்கள்.

அந்த விழுக்காட்டையும் பெரிதாகக் காட்ட வேண்டாம் என்பேன். கென்டக்கி மாநிலப் பிரதிநிதி வில்லியம் நாட்சர் 1954 முதல் 1994 வரை 18,401 வாக்கெடுப்புகளைத் தொடர்ந்து தவறவிடவில்லை, கடைசி வாக்குகளுக்கு மருத்துவமனைப் படுக்கையிலேயே அவைக்குள் அழைத்துவரப்பட்டார். அந்த எண் அவர் வந்ததைச் சொல்லும், எந்தப் பக்கம் என்பதைச் சொல்லாது.

இரண்டு நுணுக்கம். தவறவிட்டவர்கள் பின்னர் 'இருந்திருந்தால் ஆம் என்றிருப்பேன்' என்று அவைக் குறிப்பில் சேர்ப்பதுண்டு. அது 'அவைவாக்கு விளக்கம்' என்ற புலத்துக்குப் போக வேண்டும், வாக்குக் கட்டத்தில் தொடக் கூடாது. 2020 மே முதல் 2022 முடியும் வரை கொரோனாவுக்காகப் பிறர் வழியே வாக்களிக்க விட்டிருந்தார்கள், ஒருவர் அதிகம் போனால் 10 பேருக்காக. அதற்குப் 'பதிலாள் வாக்கு'.

அனுப்புநர்: மு.

மோஷன் டு டேபிள்தான் உண்மையான கண்ணிவெடி. நம் அவைகளில் ஓர் அறிக்கையை மேசையில் வைப்பது என்றால் அவை முன் தாக்கல் செய்வது. பிரிட்டனிலும் ஏறத்தாழ அப்படியே. அமெரிக்காவில் நேர் எதிர்: மேசையில் வைத்தால் விவாதமின்றிக் கதை முடிந்தது. 2017 டிசம்பர் 6 அன்று அதிபர் டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்தை 364–58 என்று 'மேசையில் வைத்தார்கள்'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 364 பேர் பதவிநீக்கத்தை ஆதரித்துத் தாக்கல் செய்ததாகத் தமிழ் வாசகர் நினைப்பார். 'ஆம்' என்பதற்கு இங்கே 'வேண்டாம்' என்று பொருள்.

'கிடப்பில் போடும் தீர்மானம்' என்று வைக்கலாம்.

அனுப்புநர்: கு.

கிடப்பில் போட்டதை நாளைக்குத் தூசு தட்டி எடுக்கலாம். பிரதிநிதிகள் அவையில் இது இறுதி. 'விவாதமின்றித் தள்ளும் தீர்மானம்'. நீளந்தான், ஆனால் 'ஆம்' எந்தப் பக்கம் என்று படித்தவுடன் விளங்கிவிடும்.

செனட்டில் இன்னொரு பொறி. தோற்கப்போகும் வாக்கெடுப்பில் பெரும்பான்மைத் தலைவர் கடைசியில் 'இல்லை' பக்கம் தாவுவார். தோற்ற பக்கத்தில் வாக்களித்தவர் மறுவாக்கெடுப்பு கேட்க முடியாது என்பதுதான் காரணம். 2013 ஏப்ரல் 17 அன்று துப்பாக்கி வாங்குவோர் பின்னணிச் சோதனைத் திருத்தம் தேவையான 60 வாக்கு கிடைக்காமல் 54–46இல் விழுந்தபோது அன்றைய பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் 'இல்லை' பட்டியலில் இருப்பது இதனால்தான். இதற்குப் புதுச்சொல் வேண்டாம், 'நடைமுறைக்கான இல்லை' என்று சிறு குறிப்பு போட்டால் போதும்.

அனுப்புநர்: செ.

எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக, தொகுதிக்குப் போகும் தகவல் பக்கம். ஃபிராங்க்டு மெயிலுக்கு 'இலவச அஞ்சல்' என்று ஒரு மொழிபெயர்ப்பு கிடக்கிறது.

அனுப்புநர்: ந.

இலவசம் இல்லை. உறுப்பினரின் அலுவலக ஒதுக்கீட்டில் கழிகிறது. 'ஃபிராங்கிங்' என்றே எழுதினால் நம்மவர்களுக்கு வங்கியில் ஒப்பந்தப் பத்திரத்துக்குக் குத்தும் முத்திரை நினைவுக்கு வரும். தபால்தலை இருக்க வேண்டிய இடத்தில் உறுப்பினரின் கையொப்பம் இருக்கும், ஆகவே கையொப்ப அஞ்சல். ஒரே செய்தி 500 பேருக்கு மேல் போனால் திரள் அஞ்சல் என்று கணக்கு, அரசு நிதியில் அனுப்பப்படுவதாக வாசகம் அச்சிட வேண்டும். பிரதிநிதிகள் அவையில் தேர்தலுக்கு முந்தைய 60 நாள் இது நிறுத்தம். அந்த இடைவெளி காலவரிசையில் வெறுமையாகத் தெரியும், உறுப்பினர் மௌனமாகிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதபடி நிழலிட்டுக் காட்டுங்கள்.

கான்ஸ்டிட்யுவன்ட்டுக்கு 'வாக்காளர்' போட்டிருக்கிறீர்கள், அதை 'தொகுதியினர்' என்று மாற்றுங்கள். அங்கே தொகுதி பிரிப்பது மொத்த மக்கள்தொகையை வைத்து. சிறுவர்களும் வாக்குரிமை இல்லாதோரும் அதில் சேர்த்தி.

அனுப்புநர்: மு.

மடலையும் அவைவாக்கையும் இணைக்கும்போது மசோதா எண்ணை மட்டும் திறவுகோலாக (இரண்டையும் பொருத்தும் அடையாளமாக) வைக்காதீர்கள். 2021 உள்கட்டமைப்புச் சட்டம் எச்.ஆர். 3684. ஜூலை 1 அன்று அவையின் சொந்த வடிவம் 221–201, நவம்பர் 5 அன்று செனட் மாற்றி எழுதிய வடிவம் 228–206. எண் ஒன்று, உள்ளடக்கம் வேறு. நவம்பரில் எதிர்த்த ஆறு ஜனநாயகக் கட்சியினரும் ஆதரித்த 13 குடியரசுக் கட்சியினரும் எண்ணை மட்டும் பார்த்தால் கலந்துபோவார்கள். எதிர்த்து வாக்களித்துவிட்டுத் தொகுதிக்கு வந்த பாலப் பணிக்கு மடலில் பெருமை பேசியவர்களைக் காட்டுவதுதான் இந்தப் பக்கத்தின் பயனே, அங்கே தவறக் கூடாது. வாக்கெடுப்பு எண்ணும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கும், எனவே அவை, ஆண்டு, எண் மூன்றும் சேர்ந்தால்தான் திறவுகோல்.

அனுப்புநர்: செ.

மாற்றியாயிற்று. அவைவாக்கு, அவைவாக்குப் பதிவேடு, பெயர்வாரி வாக்கெடுப்பு, வருகை மட்டும், வாக்களிக்கவில்லை, கையொப்ப அஞ்சல், தொகுதியினர் ஆகியவை கோப்பில் ஏறிவிட்டன. 'விவாதமின்றித் தள்ளும் தீர்மானம்' கைப்பேசியில் இரண்டு வரிக்கு உடைகிறது. பட்டியலில் 'தள்ளும் தீர்மானம்' என்று சுருக்கி, தொட்டால் முழுப்பெயர் வருமாறு வைத்திருக்கிறேன். இதைவிடக் குறுகிய சொல் யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்குள் எழுதுங்கள், அதன் பிறகு சரங்களைப் பூட்டிவிடுவார்கள்.