டி.எஸ்.எச். கூடியிருக்கும்போது தைராய்டு குறைவு என்கிறார்களே, ஏன்?

கேள்வி (வைகைக்கரை):
அம்மாவுக்கு வயது 58. சில மாதங்களாகவே அசதி, மலச்சிக்கல்; வீட்டில் எல்லோருக்கும் வியர்க்கும்போது அவர் மட்டும் மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறார். இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 14.2 என்றும், ஃப்ரீ டி4 என்னும் தைராய்டு ஹார்மோன் இயல்பான அளவைவிடச் சற்றுக் குறைவு என்றும் வந்தது. தைராய்டு போதிய அளவு சுரக்கவில்லை என்று கூறிய மருத்துவர், தைராக்சின் மாத்திரை எழுதிக்கொடுத்து, ஆறு வாரம் கழித்து மீண்டும் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார். சிகிச்சையில் எனக்கு ஐயமில்லை. அதன் அடிப்படையைத்தான் புரிந்துகொள்ள விரும்புகிறேன். அறிக்கையில் டி.எஸ்.எச். இயல்பைவிட அதிகம் என்று அச்சிட்டிருக்கும்போது, சுரப்பு குறைவு என்று எப்படிச் சொல்கிறார்கள்? சர்க்கரை அளவை மறுநாளே பார்க்கிறோம். இதற்கு மட்டும் ஆறு வாரம் ஏன்?

மறுமொழி (உடலியல் ஆசிரியை):
டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதன்று. மூளையின் அடியில், மண்டையோட்டின் சிறு எலும்புக் குழிக்குள் பட்டாணி அளவில் அமர்ந்திருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. பிட்யூட்டரியை அதற்கு மேலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப் பகுதி தூண்டுகிறது. தைராய்டு சுரக்கும் டி4, டி3 ஹார்மோன்கள் இரத்தத்தில் போதுமான அளவு இருந்தால், அவையே மேலிருக்கும் இந்த இரண்டையும் அடக்கி வைக்கின்றன. அவை குறையும்போது அடக்குமுறை தளர்ந்து டி.எஸ்.எச். ஏறுகிறது. காது மந்தமானவரிடம் குரலை உயர்த்திப் பேசுவதைப் போன்றது இது. உங்கள் அம்மாவின் அறிக்கையில் உயர்ந்திருப்பது அந்தக் குரல்தான்.

பிட்யூட்டரியின் இந்த உணர்திறன் எவ்வளவு நுட்பமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். டி4 பாதியாகக் குறைந்தால், டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறு மடங்கு வரை உயரக்கூடும். அதனால்தான் டி4 இன்னும் இயல்பு எல்லைக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச். கோளாற்றைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆறு வாரம் ஏன் என்பதற்கு விடை, ஹார்மோனின் ஆயுளில் இருக்கிறது. இரத்தத்தில் கலந்த இன்சுலினில் பாதி சில நிமிடங்களிலேயே அழிந்துவிடும். உணவுக்கு உணவு மாறும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த அந்த வேகம் தேவை. டி4, அதாவது அம்மாவின் மாத்திரையில் உள்ள தைராக்சின், அப்படியன்று. அதில் பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்தே இரத்தத்தில் உலவுவதால், பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகிறது. புதிய மாத்திரை அளவுக்கு ஏற்ப இரத்த அளவு நிலைபெற ஐந்து வாரம் ஆகிவிடும், பிட்யூட்டரி அதற்கு இணங்கி வர மேலும் சில நாள் பிடிக்கும். பத்தாம் நாளில் பரிசோதித்துவிட்டு மாத்திரை வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவது தவறு.

மறுமொழி (மருந்தக மேசை):
மேலே சொன்ன விளக்கம், பிட்யூட்டரி நலமாக இருக்கும் வரைதான் பொருந்தும் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரசவத்தின்போது கடும் இரத்தப்போக்கு ஏற்பட்ட சில பெண்களுக்குப் பிட்யூட்டரி இரத்த ஓட்டமின்றிச் சிதைந்துபோகிறது. ஷீஹான் நோய் என்பார்கள். அவர்களுக்கு டி4 குறைந்திருந்தும் டி.எஸ்.எச். ஏறாது, டி.எஸ்.எச். அளவை மட்டும் பார்ப்பவர் எல்லாம் சரி என்று விட்டுவிடுவார். அதைவிட முக்கியமானது, அவர்களுக்குச் சிறுநீரகங்களின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் கட்டளையும் நின்றுபோயிருக்கலாம். அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனின் குறைவைச் சரிசெய்யாமல் தைராக்சினை மட்டும் கொடுத்தால், உடலில் எஞ்சியிருக்கும் கொஞ்சம் கார்ட்டிசாலும் வேகமாகச் செலவழிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

கார்ட்டிசாலைப் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உட்கொண்டவர்கள் அதைத் திடீரென நிறுத்தக்கூடாது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் இதே அமைப்புதான் காரணம். வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டைக் கண்டு பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடுகிறது, அட்ரினல் சுருங்கிவிடுகிறது, இரண்டும் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம்.

வைகைக்கரை:
இருவருக்கும் மிக்க நன்றி. அம்மா காலையில் இந்த மாத்திரையுடன் கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே விழுங்குகிறார். அது சரியா? உப்பில் அயோடின் போதாததால் இந்நோய் வந்திருக்குமா?

மறுமொழி (மருந்தக மேசை):
சேர்த்து விழுங்கக்கூடாது. கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் குடலில் தைராக்சினைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கும். தைராக்சினை வெறும் வயிற்றில், காப்பிக்கும் சிற்றுண்டிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகத் தண்ணீரில் விழுங்கட்டும். கால்சியத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரவு உணவோடு கால்சியம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

மறுமொழி (உடலியல் ஆசிரியை):
அயோடின் பற்றிய கேள்வி நியாயமானது. அயோடின் கிடைக்காத தைராய்டு சுரப்பி, ஹார்மோனைச் செய்ய முடியாமல் தவிக்க, ஏறிய டி.எஸ்.எச். அதை இடைவிடாது தூண்ட, சுரப்பி வீங்கிக் கழுத்துக் கழலையாகிறது. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசுவாமியின் குழுவினர் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் கலந்தால் இது குறையும் என்று காட்டியது. இன்று அயோடின் உப்பைப் பயன்படுத்தும் வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் காரணம் வேறு: உடலின் எதிர்ப்பாற்றல் தன் தைராய்டையே தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912இல் இதை விவரித்தார். தைராய்டுக்கு எதிராக உடல் உண்டாக்கும் டி.பி.ஓ. எதிர்ப்பொருளுக்கான இரத்தப் பரிசோதனை செய்தால் இதை அறியலாம். அதுவரை அயோடின் மாத்திரையோ கடற்பாசி மாத்திரையோ நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு மிகுதியான அயோடின் சுரப்பை மேலும் குறைத்துவிடக்கூடும்.