புதுப்பிப்பு: ஃபெயில்ஸ்லாப் ஏன் ஒரே ஒரு தடவை மட்டும் தோற்றது?

லினக்ஸின் மையமான கெர்னலுக்கு வந்த பேட்ச் (நிரல் திருத்தம்) ஒன்றை ரிவ்யூ செய்யும்போது, ஃபெயில்ஸ்லாப்பில் (மெமரி ஒதுக்கீடுகளை வேண்டுமென்றே தோற்கவைத்துச் சோதிக்கும் கெர்னல் வசதி) ப்ராபபிலிட்டியை, அதாவது தோற்கும் வாய்ப்பை, 100 சதவீதம் வைத்தும் மெமரி ஒதுக்கீடு ஒரே ஒரு முறைதான் தோற்கிறது என்று முன்பு புலம்பியிருந்தேன் இல்லையா, தப்பு பேட்சில் இல்லை, என் மேல்தான். அதிகபட்சம் எத்தனை முறை தோற்கலாம் என்று சொல்லும் 'டைம்ஸ்' அமைப்பின் இயல்பு மதிப்பு 1, அதை -1 ஆக்கினால்தான் வரம்பில்லாமல் தோற்கும். சரி, அது மட்டுமா? 'இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட்' என்ற இன்னொரு அமைப்பு இயல்பாகவே 'ஒய்' (ஆம்), அதனால் தூங்கக்கூடிய (மெமரி கிடைக்கும்வரை காத்திருக்கக்கூடிய) ஒதுக்கீடுகளை, அதாவது டிரைவர் ப்ரோபில் (டிரைவர் தன் சாதனத்தைத் தயார்செய்யும் கட்டம்) வருபவற்றில் பெரும்பகுதியை, அது தொடவே தொடாது! அதை 'என்' (இல்லை) என்று மாற்றியதும் பிழை கையாளும் பாதையில் ஒரு மெமரி கசிவு பல்லிளித்தது. அப்புறம், பேட்ச் எழுதியவரிடம் டெஸ்டை ஃபெயில்-என்த் என்ற இன்னொரு கெர்னல் வசதிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். எத்தனையாவது அழைப்பு தோற்க வேண்டும் என்று எண்ணைக் கொடுத்துவிடலாம், திரும்பப் படிக்கும்போது 0 வந்தால் பிழை புகுந்துவிட்டது என்று அர்த்தம்.