ரெசிலியன்ஸ்: டிராயிங்கில் ஒன்று, பாடப்புத்தகத்தில் ஒன்று, ஹெச்.ஆர். பயிற்சியில் இன்னொன்று. எல்லாம் ஒரே சொல்தானா?

வார்ப்படம்:

வணக்கம். கோவையில் ஒரு ஃபவுண்டரியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். பிரான்ஸிலிருந்து ஸ்டீல் வால்வ் பாடிக்கு ஓர் ஆர்டர் வந்திருக்கிறது. டிராயிங்கில் ‘ரெசிலியான்ஸ்’ என்று போட்டு, குறைந்தது சதுர செ.மீ.க்கு 35 ஜூல் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். டிப்ளமோவில் நான் படித்த ரெசிலியன்ஸ் வேறு. மீட்சி எல்லையை, அதாவது சுமையை எடுத்ததும் பழைய வடிவத்துக்கே திரும்பக்கூடிய எல்லையைத் தாண்டாமல் ஒரு பொருள் எவ்வளவு ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு, சுமையை எடுத்ததும் திருப்பித் தருகிறது என்பதுதான் அது. அதைக் கன மீட்டருக்கு இத்தனை ஜூல் என்றுதான் சொல்வோம். சதுர செ.மீ. எப்படி வந்தது?

எங்கள் லேப் ரிப்போர்ட்டில் சார்பி மதிப்பு, அதாவது சுத்தியலால் அடித்துத் துண்டை உடைக்கும் சோதனையின் மதிப்பு, சராசரி 31 ஜூல். இது 35-ஐ விடக் குறைவு என்று மேலாளர் பயப்படுகிறார்.

இதற்கிடையில் ஹெச்.ஆர். பயிற்சி ஒன்றில், எவ்வளவு வேலைப்பளு வந்தாலும் சோர்ந்துபோகாமல் எழுந்து நிற்பதுதான் ரெசிலியன்ஸ் என்றார்கள். இந்தச் சொல் முதலில் யாருடையது? அவசரம் டிராயிங்குக்குத்தான். ஆனால் மற்றதையும் தெரிந்துகொள்ள ஆசை.

சோதனைக்கூடம்:

தம்பி, முதலில் மேலாளரைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். பிரெஞ்சு உலோகத் துறையில் ‘ரெசிலியான்ஸ்’ என்றால் சார்பி சோதனைதான். ஜார்ஜ் சார்பி பிரெஞ்சுக்காரர். 1901இல் அந்தச் சோதனையை முறைப்படுத்தினார். உங்கள் பாடப்புத்தகச் சொல்லும் இதுவும் ஒரே வேரில் வந்தவை, ஆனால் அளப்பது வேறு வேறு.

உங்கள் லேபில் ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். சோதனைத் துண்டு 10க்கு 10 மி.மீ. குறுக்குவெட்டு, 55 மி.மீ. நீளம். நடுவில் 45 டிகிரி கோணத்தில், 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வி நோட்ச், அதாவது வி வடிவ வெட்டு. மைனஸ் வெப்பநிலையில் கேட்டிருந்தால், உலர் பனிக்கட்டி போட்ட ஆல்கஹாலில் துண்டை ஊறவைத்து, இடுக்கியால் எடுத்த 5 விநாடிக்குள் அடித்துவிட வேண்டும். சுத்தியல் மேலிருந்து ஊஞ்சல் போல வந்து நோட்சுக்குப் பின்பக்கம் அடிக்கும். துண்டை உடைத்துவிட்டு மறுபக்கம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்ப்போம். விழுந்த உயரத்துக்கும் ஏறிய உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்துதான் துண்டு வாங்கிக்கொண்ட ஆற்றல் தெரியும். உடைந்த முகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நார் நாராக, ஓரம் பிதுங்கியிருந்தால் நல்ல ஸ்டீல். சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி பளபளவென்று இருந்தால் எண்ணைப் பார்க்கும் முன்பே எனக்கு வயிறு கலங்கிவிடும்.

நோட்ச் 2 மி.மீ. போனால் மிச்சம் 8 மி.மீ. 8க்கு 10, அதாவது 0.8 சதுர செ.மீ. பிரெஞ்சுக்காரர்கள் வழக்கமாக ஜூல் மதிப்பை இந்தப் பரப்பால் வகுத்துச் சொல்வார்கள். உங்கள் 31-ஐ 0.8ஆல் வகுத்தால் 38.75. தேவை 35. பாஸ்.

இனி சொல்லின் கதை. லத்தீனில் ‘ரெசிலீரே’ என்றால் பின்னோக்கித் துள்ளுவது. ‘சலீரே’ என்றால் குதிப்பது. நாம் தினமும் சொல்லும் ‘ரிசல்ட்’ கூட இதே குடும்பம்தான். ஆங்கிலத்தில் பிரான்சிஸ் பேக்கன் இதை எதிரொலியைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தினார். அவர் இறந்த மறுவருடம், 1627இல் வந்த நூல் அது. சுவரில் மோதிய ஒலி திரும்பி வருகிறதே, அந்தத் துள்ளல்.

அதைப் பொறியியலுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் யங். யங் மாடுலஸ் என்று படித்தோமே, அவரேதான். 1807இல் அச்சான விரிவுரைகளில் அவர் மிகத் தெளிவாகப் பிரிக்கிறார். அழுத்தத்தை எதிர்த்து நிற்பது வலிமை. அதிர்ச்சியை, அதாவது ஓடி வந்து மோதும் பொருளை எதிர்த்து நிற்பதற்குத்தான் ரெசிலியன்ஸ் என்று பெயர் வைக்கிறார். எப்படி அளப்பது என்றும் சொல்கிறார்: அதை உடைக்கக்கூடிய எடையையும், அந்த எடை எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும் என்பதையும் பெருக்கிக்கொள்ளுங்கள் என்கிறார். சார்பி சுத்தியல் செய்வது ஏறக்குறைய இதைத்தான். பிரெஞ்சு டிராயிங்கில் இருப்பதுதான் யங் சொன்னதற்குக் கிட்டத்தில் இருக்கிறது! 1818இல் தாமஸ் ட்ரெட்கோல்ட் உத்திர மரங்களுக்கு இதே சொல்லைப் பயன்படுத்தினார். பிறகுதான் ஆங்கிலப் பாடநூல்கள் உடையும்வரை வாங்கும் ஆற்றலுக்கு ‘டஃப்னெஸ்’ என்று ஒதுக்கிவிட்டு, ரெசிலியன்ஸை மீட்சி எல்லைக்குள் அடைத்தன. நீங்கள் படித்தது அது. மீட்சி எல்லையில் உள்ள தகைவின் வர்க்கத்தை யங் மாடுலஸின் இரண்டு மடங்கால் வகுப்பது. சாதாரண ஸ்டீலுக்கும் ஸ்பிரிங் ஸ்டீலுக்கும் மாடுலஸ் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் எல்லை இரண்டு மடங்கானால் ரெசிலியன்ஸ் நான்கு மடங்காகும். லாரிப் பட்டைக்கு ஸ்பிரிங் ஸ்டீல் போடுவது அதனால்தான்.

கருப்பு அங்கி:

குறுக்கே ஒரு வார்த்தை. நான் வக்கீல். நீதிமன்றத்தில் இந்தச் சொல்லின் வினைவடிவம் ‘ரிசைல்’ இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் அங்கே அது நல்ல பெயர் வாங்கவில்லை. முதலில் கொடுத்த வாக்குமூலத்திலிருந்து சாட்சி பின்வாங்கினால் அவர் ரிசைல் ஆகிவிட்டார் என்று தீர்ப்புகளில் எழுதுவார்கள். ஒப்பந்தத்திலிருந்து நழுவப் பார்க்கும் தரப்புக்கும் இதே சொல்தான். பின்னோக்கித் துள்ளுவது என்று சோதனைக்கூடம் சார் சொன்னாரே, எங்களிடம் இருப்பது அந்தப் பழைய பொருளே.

காட்டுவழி:

சூழலியல் ஆய்வு மாணவி நான். எங்கள் துறையில் இந்தச் சொல் நிலைபெற்றது 1973இல், கனடாக்காரர் ஹோலிங் எழுதிய கட்டுரையால். அவர் யங் மாதிரியேதான் ஆரம்பிக்கிறார், இரண்டு சொற்களைப் பிரித்து. குலைந்த பிறகு பழைய நிலைக்குச் சீக்கிரம் திரும்புவது நிலைத்தன்மை. எவ்வளவு குலுக்கினாலும் அமைப்பு அழிந்துபோகாமல், உள்ளே இருக்கும் உறவுகள் தொடர்வது ரெசிலியன்ஸ்.

அவர் காட்டும் உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். கிழக்குக் கனடாவின் காடுகளில் ஸ்ப்ரூஸ் பட்வார்ம் என்று ஓர் அந்துப்பூச்சியின் புழு. பெயர் ஸ்ப்ரூஸ், ஆனால் அது அழித்துத் தள்ளுவது பெரும்பாலும் பால்சம் ஃபிர் மரங்களை. சில பத்தாண்டுகளுக்கு ஒரு முறை பெருக்கெடுத்து, முதிர்ந்த ஃபிர் மரங்களை மொட்டையாக்கிவிடும். பார்த்தால் பேரழிவுதான். ஆனால் புழு வராத காலத்தில் ஃபிர் மற்ற மரங்களை நெருக்கித் தள்ளுகிறது. புழு வந்து ஃபிரைக் குறைக்கும்போதுதான் ஸ்ப்ரூஸும் பிர்ச்சும் தலைதூக்குகின்றன. எண்ணிக்கை தாறுமாறாக ஏறி இறங்குகிறது, அதனால் நிலைத்தன்மை இல்லை. ஆனாலும் காடு காடாக இருக்கிறது. பழைய இடத்துக்கே திரும்புவதைப் பின்னாளில் ஹோலிங் ‘பொறியியல் ரெசிலியன்ஸ்’ என்று தனியாகப் பெயரிட்டார். உங்கள் ஆட்களுக்கு அவர் விட்டுவைத்த பங்கு அது.

வார்ப்படம்:

எல்லாருக்கும் நன்றி. 38.75 என்று சொன்னதும் மேலாளர் முகத்தில் இப்போதுதான் சிரிப்பு வந்தது. சார், ஹெச்.ஆர். விஷயத்தை விட்டுவிட்டீர்களே?

சோதனைக்கூடம்:

விடவில்லை தம்பி, அதுதான் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. காட்டுவழி சொன்ன உதாரணத்தை இரண்டு தடவை படித்தேன், அருமை.

மனிதருக்கு இந்தச் சொல்லைப் பொருத்திய ஆய்வுகளில் பெயர்பெற்ற ஒன்று ஹவாயின் கவாய் தீவில் நடந்தது. எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, வீட்டில் சண்டை, பெற்றோரின் குடி என்று பல சிக்கல்களோடு பிறந்த பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களுக்கு என்ன இருந்தது என்று பார்த்தபோது, சுபாவத்தோடு கூடவே, அவர்களை நம்பிய ஒரு பெரியவராவது பக்கத்தில் இருந்தது தெரிந்தது. பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ. பயிற்சிகளில் மூன்றில் ஒரு பங்கைச் சொல்கிறார்கள், அந்தப் பாட்டியைச் சொல்வதில்லை.

எனக்குக் கோபம் வரும் இடம் அது. யங் இந்தச் சொல்லை எடுத்தபோதே எவ்வளவு எடை, எவ்வளவு உயரம் என்று சேர்த்துத்தான் எடுத்தார். பாடப்புத்தகத்திலும் எல்லை என்று ஒரு கோடு உண்டு. மனிதரிடம் வந்ததும் சுமையின் அளவைக் கேட்பதை விட்டுவிட்டு, தாங்குகிறவரின் குணத்தை மட்டும் கேட்கிறார்கள். ஷிஃப்டுக்கு ஆள் குறைத்துவிட்டு ரெசிலியன்ஸ் வகுப்பு எடுத்தால், அது துண்டைக் குறைசொல்லிச் சுத்தியலை மறைப்பது. அடுத்த வகுப்பில் எழுந்து கேளுங்கள்: சுமையை யார் அளக்கிறார்கள் என்று.

நாடுகள் இதைக் கொஞ்சம் பொறுப்பாக எடுத்தன. 2004 சுனாமி முடிந்து சில வாரங்களில், 2005 ஜனவரியில் ஜப்பானின் கோபேயில் ஐ.நா. மாநாடு கூடியது. அங்கே ஏற்ற ஹியோகோ செயல்திட்டத்தின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. முன்னெச்சரிக்கை, கட்டட விதி, பயிற்சி என்று அரசுகள் செய்ய வேண்டியதையும் சேர்த்தே எழுதினார்கள்.

டிராயிங்குக்குத் திரும்பி வருகிறேன். 35 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் கே.சி.வி. என்று இருக்கிறதா, கே.சி.யூ. என்று இருக்கிறதா பாருங்கள். யூ என்றால் யூ வடிவ நோட்ச், 5 மி.மீ. ஆழம். அப்போது பரப்பு 0.5 சதுர செ.மீ., துண்டையே வேறு மாதிரி வெட்ட வேண்டும், இந்த 31 செல்லாது. வெப்பநிலை எழுதியிருந்தால் அதையும் பாருங்கள்.

வார்ப்படம்:

பார்த்தேன் சார். கே.சி.வி.தான். மைனஸ் 20 டிகிரி என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. எங்கள் லேப் அடித்தது அறை வெப்பநிலையில். மேலாளரிடம் சொல்லிவிட்டு, புதிதாக மூன்று துண்டு வெட்டச் சொல்லியிருக்கிறேன்.