எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 பேர் தப்பினார்கள், கடிதம் கொடுத்த 18 பேருக்குப் பதவி போனது, ஏன்?

பொகவந்தலாவை மாணவன்:
ஏ.எல். அரசறிவியலுக்குக் கட்சித் தாவல் பற்றி ஒரு ஒப்படை எழுத வேண்டும். எந்த நாட்டை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சேர் சொன்னதால் தமிழ்நாட்டை எடுத்தேன், தாத்தா முழு நாளும் அந்த ஊர்ச் செய்திதான் பார்ப்பார், சுலபமாக இருக்கும் என்று நினைத்தது தப்பாகிவிட்டது. 2017 பெப்ரவரி 18 அன்று சட்டமன்ற நம்பிக்கை வாக்கெடுப்பில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவாக 122, எதிராக 11. அந்த 11 பேரும் அதே அதிமுகதான், ஓ. பன்னீர்செல்வம் உட்பட. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் செப்டம்பரில் அதே கட்சியின் வேறு 18 உறுப்பினர்களைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்துவிட்டார். அவர்கள் சபையில் எதிர்த்து ஓட்டே போடவில்லை, ஆளுநரிடம் கடிதம்தான் கொடுத்தார்கள். தாத்தாவிடம் கேட்டால் "அம்மா இருந்திருந்தால் இப்படி நடக்குமா" என்கிறார், அதை எப்படி ஒப்படையில் எழுதுவது?

கொட்டகலை அண்ணன்:
தம்பி, கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டமான இந்திய அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையைப் பார். 1985இல் வந்தது. ஒருவருக்குப் பதவி போக இரண்டு வழி: ஒன்று, கட்சி உறுப்புரிமையைத் தானாக விட்டுவிடுவது. இரண்டு, கட்சிக் கொறடாவின் (சபையில் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்பவர்) உத்தரவை மீறி ஓட்டுப் போடுவது, இதைக் கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் தப்பிக்கலாம். அந்த 18 பேர், அதிமுகவில் பழனிசாமியை எதிர்த்த டி.டி.வி. தினகரன் பக்கத்துக்காரர்கள், முதலமைச்சர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகஸ்ட் 22 அன்று ஆளுநரிடம் எழுதிக் கொடுத்தார்கள். அதையே "தானாக விட்டதற்கு" அடையாளமாகச் சபாநாயகர் தனபால் எடுத்துக்கொண்டார். ராஜினாமாக் கடிதம் வேண்டும் என்று இல்லை, நடத்தையே போதும் என்பது அங்கே நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட விளக்கம்.

இப்போது கணக்கைப் பார். மொத்தம் 234. ஜெயலலிதா இறந்ததால் ஆர்.கே. நகர் காலி, 18 பேரும் போனால் 215, பாதியைத் தாண்ட 108 போதும். அவர்கள் உள்ளே இருந்திருந்தால் 117 வேண்டும். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

11 பேர் விஷயத்தில் சட்டம் வேறு இல்லை, சபாநாயகர் கையில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். கடிதம் கொடுப்பதற்கு முதல் நாள், ஆகஸ்ட் 21 அன்று, பழனிசாமி, பன்னீர்செல்வம் இரண்டு அணியும் இணைந்து பன்னீர்செல்வம் துணை முதலமைச்சர் ஆகிவிட்டார், பிறகு யார் கையில் எடுப்பார்கள்? திமுக வழக்குப் போட்டது, 2020 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சபாநாயகரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது.

மஸ்கெலியா பழைய ஆள்:
இதெல்லாம் புதுசு இல்லை. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்தபோது எங்கள் தோட்டத்து லய வீடுகளில் அடுப்புப் பற்றவில்லை. நாவலப்பிட்டியில் பிறந்தவர் ஆயிற்றே. அவர் படமும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் தொண்டமான் ஐயா படமும் ஒரே ஆணியில் தொங்கிய வீடு எங்களுடையது, ஆணி வளைந்து போய்த் தொண்டமான் எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே இருப்பார். அப்புறம் ஜானகியம்மா முதலமைச்சர், ஜெயலலிதா எதிரணி. 1988 ஜனவரி 28 நம்பிக்கை வாக்கெடுப்பு, சபைக்குள்ளேயே அடிதடி, பொலிஸ் தடியோடு உள்ளே போனது. அந்தச் சபாநாயகர் பி.எச். பாண்டியன். இரண்டு நாளில் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். 1989 தேர்தலில் இரட்டை இலை யாருக்கும் இல்லை, ஜெயலலிதாவுக்குச் சேவல், ஜானகிக்கு இரட்டைப் புறா. சேவல் என்றதும் எங்கள் அப்பா, "நம்ம சின்னம்தானே, அந்தம்மா ஜெயிக்கட்டும்" என்பார், சேவல் சின்னத் தொழிலாளர் காங்கிரஸ்காரர் வேறு எப்படிப் பேசுவார்? அந்தம்மா 27 இடம் பிடித்தது, திமுக ஆட்சிக்கு வந்தது.

தம்பி, அப்போது மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் அது தாவல் இல்லை, பிளவு என்று சட்டமே அனுமதித்தது. 2003இல் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது மூன்றில் இரண்டு பங்கு பேர் வேறு கட்சியோடு இணைந்தால்தான் பாதுகாப்பு. இதை எழுதாவிட்டால் புள்ளி குறையும்.

ஹட்டன் வாசகி:
பழைய ஆள் சொன்னது சரி, ஆனால் நம் நாட்டைச் சேர்க்காமல் முடித்தால் ஒப்படை பாதிதான். இங்கே சபாநாயகர் வெட்டுவதில்லை. கட்சி நீக்கினால் இலங்கை அரசியலமைப்பின் 99(13) படி ஒரு மாதத்தில் ஆசனம் போகும், அதற்குள் உயர் நீதிமன்றம் (இங்கே அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) போனால் நீக்கியது சரியா என்று நீதிமன்றமே பார்க்கும். 1991இல் ஜனாதிபதி பிரேமதாசாவுக்கு எதிராகக் கிளம்பிய லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க எல்லோரும் அப்படித்தான் ஆசனம் இழந்தார்கள். அதற்குப் பிறகு வந்த பல வழக்குகளில் ஒழுங்காக விசாரிக்காமல் நீக்கினீர்கள் என்று நீதிமன்றம் திருப்பிவிட்டது, அதனால்தான் இங்கே தாவியவர்கள் அமைச்சர் காரில் வந்தார்கள்.

ஒற்றை ஆளின் எடை தெரிய வேண்டுமென்றால் 1994ஐ எடுத்துப் பார். சந்திரிகாவின் கூட்டணிக்கு 105, முஸ்லிம் காங்கிரசுக்கு 7, 225 பேர் சபையில் 113 வேண்டும். குறைந்த அந்த ஒன்று நுவரெலியாவில் இருந்து போன மலையக மக்கள் முன்னணியின் சந்திரசேகரன்.

பொகவந்தலாவை மாணவன்:
எல்லோருக்கும் நன்றி. அந்த 18 பேர் பிறகு வழக்கில் என்ன ஆனார்கள் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

கொட்டகலை அண்ணன்:
2018 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள், ஒக்டோபர் 25 அன்று மூன்றாவது நீதிபதி நீக்கம் செல்லும் என்றார். 2019இல் மொத்தம் 22 தொகுதிக்கு இடைத்தேர்தல், திமுகவுக்கு 13, அதிமுகவுக்கு 9, தினகரன் கட்சிக்கு ஒன்றும் இல்லை. அந்த 9 போதும், ஆட்சி 2021 வரை ஓடியது. தாத்தாவுக்கு இது தெரிந்திருக்கும், கேட்டுப் பார்.