தேடல் விளம்பர வருவாயை நிறுவனங்களை வாங்கிப் பிடிக்க முடியுமா?

செழியன் கேட்டது:

இணைய விளம்பரத் துறையில் 2007, 2008 ஆண்டுகளில் நடந்த கையகப்படுத்தல்களைப் பற்றிப் படித்து வருகிறேன். 2007 ஏப்ரலில் கூகுள், டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதே மாதத்தில் யாஹூ, ரைட் மீடியாவின் எஞ்சிய பங்குகளை 68 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட், ஏகுவான்டிவ் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 600 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. அதுவும் போதாதென்று 2008 பிப்ரவரியில் யாஹூவையே 4,460 கோடி டாலருக்குக் கேட்டது. இவ்வளவு பணம் புழங்கியும் தேடல் விளம்பரத்தில் கூகுளின் இடம் அசையவில்லை. தேடல் சொற்களை ஏலம் விடும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஓவர்ச்சூரையே யாஹூ 2003-இல் வாங்கி வைத்திருந்ததை எண்ணும்போது, இது இன்னும் வியப்பாக இருக்கிறது. போட்டியாளர்கள் தவறான நிறுவனங்களை வாங்கினார்களா, அல்லது இந்த வருவாய் விலைக்கு வாங்கிப் பெறக்கூடியதே அல்லவா?

கணக்காயர் எழுதிய பதில்:

ஓவர்ச்சூரிலிருந்து தொடங்குவதுதான் சரி, ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் விடை அங்கேயே பாதி கிடைத்துவிடுகிறது. கோடூ என்ற பெயரில் 1998-இல் தொடங்கிய அந்த நிறுவனம், அதிக விலை கேட்பவரின் விளம்பரத்தை மேலே வைத்தது. கூகுள் 2002-இல் தன் விளம்பர விற்பனை முறையை மாற்றியமைத்தபோது, விலையோடு அந்த விளம்பரம் எத்தனை முறை சொடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டது. ஒரு சொடுக்குக்கு 1 டாலர் தருபவரின் விளம்பரத்தை நூறு பேரில் ஒருவரும், 50 சென்ட் தருபவரின் விளம்பரத்தை நூறு பேரில் நால்வரும் சொடுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு தேடல்களுக்கு முதல் விளம்பரத்தால் 1 டாலரும், இரண்டாவதால் 2 டாலரும் கிடைக்கும். விலையை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் முறையோ குறைவாகச் சம்பாதித்துத் தரும் விளம்பரத்தையே முதலிடத்தில் நிறுத்தும். இந்த மாற்றத்தை யாஹூ தன் பனாமா திட்டத்தின் வழியே 2007-இல்தான் கொண்டுவந்தது. ஐந்தாண்டுத் தாமதம் என்பது இந்தத் துறையில் ஒரு தலைமுறை.

இன்னொரு செய்தி அதிகம் பேசப்படுவதில்லை. ஓவர்ச்சூரின் பலம் அதன் மென்பொருளில் மட்டும் இருக்கவில்லை. பல தளங்களுக்கு விளம்பரம் வழங்கும் பொதுவான இடைநிலையாளராக அது இருந்ததுதான் பெரிய பலம். அதன் பெரிய கூட்டாளிகள் யாஹூவும் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் தளமும். அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் 2002-இலேயே கூகுள் பக்கம் சென்றுவிட்டது. யாஹூ 163 கோடி டாலருக்கு ஓவர்ச்சூரை வாங்கியவுடன், மைக்ரோசாஃப்ட் தன் விளம்பர வருவாய்க்குப் போட்டியாளரையே நம்பியிருக்கும் நிலை ஏற்பட்டது. அது சொந்தமாக ஆட்சென்டர் என்ற விளம்பர விற்பனைத் தளத்தைக் கட்டி, 2006-இல் விலகிக்கொண்டது. ஆக, வாங்கிய செயலே வாங்கிய பொருளின் மதிப்பைக் குறைத்தது. ஏல முறைக்கான காப்புரிமையை மீறியதாக ஓவர்ச்சூர் கூகுள் மீது தொடுத்திருந்த வழக்கிலும் யாஹூவுக்குப் பணம் கிடைத்ததே தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. பங்குச் சந்தையில் நுழைவதற்குச் சில நாட்கள் முன்பு, 2004 ஆகஸ்டில், கூகுள் 27 லட்சம் பங்குகளைக் கொடுத்து அந்த வழக்கை முடித்துக்கொண்டது.

நித்திலா எழுதிய பதில்:

கணக்காயர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கேள்வியில் இரண்டு வேறு சந்தைகள் கலந்திருக்கின்றன. டபுள்கிளிக், ரைட் மீடியா, ஏகுவான்டிவ் ஆகிய மூன்றும் முதன்மையாகப் பிற இணையதளங்களில் இடம்பெறும் காட்சி விளம்பரங்களுக்கானவை. அவற்றை வாங்கியதால் தேடல் பெட்டியில் ஒரு வினவல்கூடக் கூடாது. மைக்ரோசாஃப்ட் 2012-இல் 620 கோடி டாலரை மதிப்பிழப்பாகக் கணக்கில் எழுதியதற்கு முக்கியக் காரணம் ஏகுவான்டிவ்தான்.

யாஹூவைக் கேட்டதுதான் உண்மையில் தேடலுக்கான முயற்சி. வினவல்கள் கூடினால் விளம்பரதாரர்கள் கூடுவார்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் ஏலம் கேட்பவர்கள் பெருகுவார்கள், ஒரு தேடலுக்குக் கிடைக்கும் வருவாய் உயரும் என்பதே கணக்கு. பங்குக்கு 31 டாலராக இருந்த விலையை 33 வரை உயர்த்தியும் யாஹூ 37 கேட்டதால், 2008 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. அடுத்து யாஹூ கூகுளுடன் செய்துகொண்ட விளம்பர ஒப்பந்தம், அமெரிக்க அரசின் நீதித்துறை வழக்குத் தொடுக்கப்போவதாகச் சொன்னதால் நவம்பரில் கைவிடப்பட்டது. 2009-இல் மைக்ரோசாஃப்ட், முழு நிறுவனத்தை வாங்காமலேயே பத்தாண்டு ஒப்பந்தத்தின் மூலம் யாஹூவின் தேடலைப் பெற்றது; முதல் ஐந்தாண்டுகளுக்கு யாஹூ தளங்களில் கிடைக்கும் வருவாயில் 88 விழுக்காடு யாஹூவுக்கே. அப்படியும் இரண்டு நிறுவனங்களின் அமெரிக்கத் தேடல் பங்கைக் கூட்டினால் பாதியைக்கூட எட்டவில்லை.

செழியன் மீண்டும் எழுதியது:

அப்படியானால் கூகுள் தானும் நிறுவனங்களை வாங்கிக்கொண்டே இருந்தது ஏன்? 2003-இல் 10.2 கோடி டாலருக்கு அப்ளைடு செமான்டிக்ஸ், 2009-இல் 75 கோடி டாலருக்கு ஆட்மாப் என்று அதன் பட்டியலும் நீளமானதே.

மருதன் எழுதிய பதில்:

நீங்கள் சொன்ன இரண்டும் தேடலுக்கு வெளியே விளம்பரத்தைப் பரப்புவதற்காக வாங்கப்பட்டவை. அப்ளைடு செமான்டிக்ஸின் நுட்பம், பிற தளங்களில் கூகுள் விளம்பரங்களைக் காட்டும் ஆட்சென்ஸுக்குப் பயன்பட்டது, ஆட்மாப் கைபேசிச் செயலிகளுக்கு. தேடல் வருவாயைக் காத்த கையகப்படுத்தல் எது என்று கேட்டால், 2005-இல் வாங்கப்பட்டபோது விளம்பரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இருந்த ஆண்ட்ராய்டு என்பேன். ப்ளே ஸ்டோரை விரும்பும் கைபேசித் தயாரிப்பாளர்கள் கூகுள் தேடலையும் குரோமையும் முன்பே நிறுவித் தர வேண்டும் என்ற நிபந்தனை அதன் வழியேதான் சாத்தியமாயிற்று. ஐரோப்பிய ஆணையம் 2018-இல் 434 கோடி யூரோ அபராதம் விதித்த காரணங்களில் அதுவும் ஒன்று.

மற்றபடி, கூகுள் தேடலுக்காகச் செலவிட்ட பெருந்தொகை கையகப்படுத்தல் பட்டியலிலேயே வராது. கைபேசிகளிலும் உலாவிகளிலும் முன்கூட்டியே அமைக்கப்பட்ட இயல்புநிலைத் தேடுபொறியாக இருப்பதற்காக 2021-இல் மட்டும் அது 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. 2022-இல் ஆப்பிளுக்கு மட்டும் 2,000 கோடி. நீங்கள் குறிப்பிட்ட 2007-இன் மூன்று கொள்முதல்களையும் கூட்டினாலும் ஆயிரம் கோடியைச் சற்றே நெருங்கும், அவ்வளவுதான். அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த வழக்கில் நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவருகிறது என்று தீர்ப்பளித்தபோது, வழக்கின் மையத்தில் இருந்தவை இந்த ஒப்பந்தங்களே. 2025 செப்டம்பரில் அவர், போட்டியாளர்களுக்கு இடம் தராமல் கூகுளை மட்டுமே வைக்கச் சொல்லும் ஒப்பந்தங்களைத் தடை செய்தார். குரோமை விற்கச் சொல்லவும் இல்லை, பணம் கொடுப்பதை முற்றிலும் நிறுத்தவும் இல்லை. எனவே அந்த இடத்துக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் தொடரும். போட்டியாளர்களும் அதற்கு விலை சொல்லலாம் என்பதே மாற்றம். ஆனால் ஒரு தேடலுக்குக் குறைவாகச் சம்பாதிப்பவரால் கூகுளைவிட அதிக விலை சொல்வது கடினம். கணக்காயர் காட்டிய 2002-இன் ஏலக் கணக்கு இங்கும் குறுக்கே நிற்கிறது.