புதுப்பிப்பு: சைக்கிளில் போகும்போது கண் எரிச்சல் – கடைசியில் எந்தக் கண்ணாடி சரிப்பட்டது

மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன்: எனக்கு உலர் கண், அதாவது கண்ணில் ஈரம் போதாத பிரச்சினை. விடியற்காலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை மிதித்துவிட்டுத் திரும்பினால் மிளகாய் தேய்த்த மாதிரி எரிகிறது, சாதாரண கூலிங் கிளாஸ் போதவில்லை, என்ன வாங்கலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சரிப்பட்டது, ஃப்ரேமின் உள்விளிம்பில் ஸ்பாஞ்ச் பட்டை வைத்த கண்ணாடி. "பைக் ஹெல்மெட் விற்கிற கடையில் பாருங்க" என்று சொன்னவருக்கு ஒரு டீ பாக்கி. இருட்டிலேயே கிளம்புவதால் நிறமில்லாத பாலிகார்பனேட் லென்ஸ் எடுத்தேன். புற ஊதாவையும் அதுவே தடுத்துவிடும். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு கடை டேபிள் ஃபேன் முன்னால் முகத்தை நீட்டினேன். கடைக்காரர் சிரித்தார். மூக்கோரம் காற்று நுழைந்த இரண்டை அங்கேயே கழித்தாயிற்று.

எதிர்பாராதது: சிக்னலில் நின்றால் லென்ஸில் ஆவி படிகிறது. மூக்கில் கொஞ்சம் இறக்கிவிட்டால் தெளிந்துவிடும். இன்னொன்றுதான் மோசம். ஸ்பாஞ்ச் வியர்வையைக் குடித்துக் காய்ந்து, மறுநாள் அந்த உப்பு கண்ணில் இறங்கியது! இப்போது வீட்டுக்கு வந்ததும் பட்டையைத் தண்ணீரில் அலசுகிறேன், ஹெல்மெட்டுக்குள் நெற்றிப்பட்டையும் உண்டு.

கண் டாக்டர் சொல்லி, பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்) இல்லாத சொட்டு மருந்துக்கு மாறினேன். கிளம்பும் முன் ஒரு சொட்டு இன்னும் தேவைப்படுகிறது.