மத்திய அலையில் தூர நிலையங்கள் பிடிபடவில்லை – தலவாக்கலையிலிருந்து ஒரு சந்தேகம்

கேள்வி (தலவாக்கலை):
அண்ணன்மாருக்கு வணக்கம். கையடக்க டிஜிட்டல் ரேடியோ ஒன்றில் இரவில் மத்திய அலை (AM) தேடுகிறேன். 880 கிலோஹேர்ட்ஸில் புத்தளம் பலமாக விழுகிறது. சென்னை 720 தெளிவு. திருச்சி 940இல் வருகிறது, ஆனால் குரல் நசுங்கிப்போய். டாக்கா, தாய்லாந்து எதுவும் இல்லை. லயத்துக் காம்பராவுக்குள் (தோட்டத்து வரிசை வீட்டு அறைக்குள்) இருந்துதான் கேட்கிறேன். மலை மறைக்கிறதா, ரேடியோவில் கோளாறா?

பதில் (பண்டாரவளை):
940 என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். திருச்சி 936, புத்தளம் 882. உங்கள் ரேடியோ அமெரிக்க முறைப்படி 10 கிலோஹேர்ட்ஸ் படியில் தாவுகிறது. நம் பக்கத்து நிலையங்களெல்லாம் 531 முதல் 1602 வரை 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் இருப்பவை. அந்த அலைவரிசை எண்கள் எதையும் 9ஆல் மீதியில்லாமல் வகுக்கலாம். 720ஐ 10ஆலும் வகுக்கலாம் என்பதால் அது மட்டும் தப்பித்தது. ரேடியோவை அணைத்துவிட்டு 9/10 என்று குறித்த பட்டனை அழுத்திப் பிடியுங்கள், மாறும். பட்டன் இல்லாவிட்டால் கையேட்டைப் பாருங்கள். பிறகு டாக்காவை 693இலும் தாய்லாந்தை 891இலும் தேடுங்கள்.

பதில் (ஹட்டன்):
தம்பி, மலையைக் குறை சொல்ல வேண்டாம். பகலில் தரையோடு வரும் அலையைத்தான் மலை மறிக்கும். இரவில் தூர நிலையம் அயனமண்டலத்தில் (வானில் மிக உயரே உள்ள மின்னேறிய காற்றடுக்கில்) பட்டு மேலிருந்து இறங்குகிறது. அந்தத் திசையில் செங்குத்தான முகட்டுக்கு ஒட்டி அடியில் இருந்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

தகரக் கூரைதான் பெரிய எதிரி. அதோடு லயம் முழுக்க ஒரே மின்கம்பி. பக்கத்துக் காம்பராவின் எல்ஈடி பல்பும் போன் சார்ஜரும் உங்கள் ரேடியோவில் இரையும். உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை மட்டும் அணைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். பேட்டரியில் போட்டு, மின்கம்பியை விட்டு 20, 30 மீட்டர் தள்ளி வெளியில் நின்று கேளுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. படியை 9 ஆக்கியதும் திருச்சி கண்ணாடி மாதிரி. வெளியில் 891இல் ஏதோ பேச்சு கேட்கிறது, ஆனால் 882 அதன் மேல் சிந்துகிறது.

பதில் (பண்டாரவளை):
பேண்ட்விட்த் (ரேடியோ ஒரே நேரத்தில் உள்வாங்கும் அலைவரிசை அகலம்) மாற்றும் வசதி இருந்தால் 6 கிலோஹேர்ட்ஸிலிருந்து 2க்கு இறக்குங்கள். 891க்குப் பதில் 892இல் வையுங்கள், புத்தளத்திலிருந்து ஒரு கிலோஹேர்ட்ஸ் விலகும். குரல் கொஞ்சம் மந்தமாகும், ஆனால் சொல் பிரியும்.

அடுத்தது திசை. உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனை எந்த நிலையத்தை நோக்குகிறதோ அது மங்கும். தலவாக்கலைக்குப் புத்தளம் வடமேற்கு, தாய்லாந்து கிழக்கு-வடகிழக்கு. கம்பி ரேடியோவின் நீளவாட்டில் இருப்பதால், ரேடியோவின் ஓரமுனை வடமேற்கு நோக்கும்படி வைத்து 882இல் மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் சட்டென்று விழும் இடம் மிகக் குறுகலானது, வேகமாகத் திருப்பினால் தவறிவிடும். அந்த நிலையில் அசைக்காமல் 891க்குப் போங்கள். ஓமான் பக்கமும் ஏறக்குறைய வடமேற்கே என்பதால் அந்த நிலையங்களுக்கு இந்த வித்தை உதவாது.

பதில் (ஹப்புத்தளை):
சட்ட ஆன்டெனா செய்தால் இன்னும் நல்லது. 60 செ.மீ. பக்கமுள்ள சதுர மரச்சட்டம், பிளாஸ்டிக் உறையிட்ட மெல்லிய வயர் 33 மீட்டர், பழைய வால்வு ரேடியோவில் கழற்றிய 365 பிகோஃபரட் கேங் (நிலையம் மாற்றத் திருப்பும் மாறு மின்தேக்கி). 13 சுற்று, சுற்றுக்கு 5 மி.மீ. இடைவெளி. வயரின் இரு முனையும் கேங்கில், ஒன்று அச்சோடு சேர்ந்த உடலில், மற்றது நிலைத் தகட்டில். ரேடியோவோடு வயர் இணைப்பு எதுவும் வேண்டாம்: சட்டத்துக்கு அருகே, ஃபெரைட் கம்பி சட்டத்தின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும்படி வைத்து, கேங்கைத் திருப்பிச் சத்தம் ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். கேங் 500 பிகோஃபரட் என்றால் 11 சுற்று போதும். சின்ன ரேடியோவின் பிளாஸ்டிக் கேங்கில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் கீழ் அலைவரிசை எட்டாது. இரண்டு பகுதியையும் சேர்த்து இணையுங்கள். சட்டத்தின் விளிம்பு நிலையத்தைப் பார்த்தால் பலம், முகம் பார்த்தால் மங்கல்.

கேள்வி கேட்டவர்:
எந்த நேரம் நல்லது அண்ணா?

பதில் (ஹட்டன்):
கிழக்கு முதலில் இருட்டும். பாங்கொக் பக்கம் நமக்கு ஏறக்குறைய 80 நிமிடம் முன்னதாகவே பொழுது சாய்வதால், இங்கே மாலை இருட்டியதும் அந்தப் பாதை திறந்துவிடும். வளைகுடாவுக்கு இரவு எட்டு மணி வரை பொறுங்கள். விடியலில் இதற்கு நேர்மாறு: கிழக்கு முதலில் மறையும், மேற்கு நம் சூரிய உதயம் வரை நிற்கும். 11 மணி தாண்டி இந்திய நிலையங்கள் பல நிறுத்தியதும் அலைவரிசைகள் காலியாகும்.

நம் மணியும் இந்திய மணியும் ஒன்று. டாக்கா நமக்கு அரை மணி முன்னே, பாங்கொக் ஒன்றரை மணி முன்னே, ஓமான் ஒன்றரை மணி பின்னே. அதனால் நம் கடிகாரத்தில் 7.30, 8.30 ஆகும்போது அவர்களுக்கு முழு மணி. நிலையப் பெயரும் செய்தியும் வருவது அப்போதுதான். அந்த இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் போனைச் சார்ஜரில் போடாமல். ஒக்டோபர், நவம்பர், ஏப்ரல் மாலைகளில் இடி வெடிப்பு எல்லாவற்றையும் மூடும். இடி கேட்டால் மேட்டில் நிற்காமல் உள்ளே வந்துவிடுங்கள்.